ரெட்ஃபீல்டு–சிங்கர் கூட்டாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெவ்வேறு துறைப் பேராசிரியர்கள் ஒன்றுகூடிப் பண்பாடுகளை ஒப்பிட்டு ஆராய முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது 1950களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த முயற்சியைப் பற்றித்தான். அதில் சாதித்ததும் உண்டு, கோட்டைவிட்டதும் உண்டு. இரண்டிலும் சென்னைக்குப் பங்கு இருக்கிறது. மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அது என்ன திட்டம்? யார் நடத்தினார்கள்?

பெரிய நாகரிகங்களை ஒன்றோடொன்று வைத்துப் பேசுவதற்கு நம்பகமான முறை ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது நோக்கம். 1951-இல் தொடங்கி ஏறக்குறைய பத்தாண்டுகள் நடந்தது. பணம் கொடுத்தது ஃபோர்டு அறக்கட்டளை.

நடத்தியவர்கள் இருவர். ராபர்ட் ரெட்ஃபீல்டு (1897–1958) சட்டம் படித்துவிட்டு மானிடவியலுக்கு வந்தவர். மெக்சிகோவில் தெபோஸ்த்லான் என்ற ஊரிலும் யுகாத்தான் பகுதியிலும் களப்பணி செய்து பெயர் பெற்றவர். மில்டன் சிங்கர் (1912–1994) தத்துவத் துறையிலிருந்து வந்தவர். கணிதத் தர்க்கத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். இளநிலை மாணவர்களுக்குச் சமூக அறிவியல் பொதுப்பாடம் நடத்திக்கொண்டிருந்த அவர், இந்தத் திட்டத்தின் வழியாகத்தான் இந்தியாவுக்கும் களப்பணிக்கும் வந்து சேர்ந்தார். நாற்பது வயதுக்குப் பிறகு ஒருவர் இப்படித் துறை மாறியது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மானிடவியலாளர்கள் மட்டுமே இதைச் செய்திருக்கக் கூடாதா?

முடியாது என்பதை ரெட்ஃபீல்டே முதலில் உணர்ந்தார். அதற்கு அவருடைய சொந்தக் களப்பணிதான் காரணம். யுகாத்தானில் மாயா மக்களின் பழைய குருமாரும் அவர்களுடைய கல்வியும் ஸ்பானியப் படையெடுப்போடு அழிந்துபோயின. அதனால் அங்கே ஒரு கிராமத்தை ஆராய்பவர் கிராமத்தை மட்டும் பார்த்தால் ஓரளவு போதும். இந்தியாவிலும் சீனாவிலும் நிலைமை அப்படி இல்லை. கிராமத்தில் கதை சொல்பவரும், அந்தக் கதைக்கு உரை எழுதும் பண்டிதரும் ஒரே காலத்தில் வாழ்கிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்கிறார்கள். கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் மானிடவியலாளருக்கு ஏடு தெரியாது. ஏட்டைப் படித்தவருக்குக் கிராமம் தெரியாது.

திட்டம் தொடங்குவதற்கு முன்பே, 1948-இல், ரெட்ஃபீல்டும் அவர் மனைவி மார்கரெட் பார்க் ரெட்ஃபீல்டும் சீனா போயிருந்தார்கள். உள்நாட்டுப் போர் பெய்ஜிங்கை நெருங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தோங் தன் கட்டுரைகளை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மார்கரெட் எழுதிக்கொண்டார். சீன நிலவுடைமைப் படித்த வகுப்பைப் பற்றிய அந்த நூல் 1953-இல் வெளிவந்தது. கிராமத்துக்கும் அரசவைக்கும் நடுவில் நிற்கும் மனிதர்களைப் பற்றிய புத்தகம் அது. சிகாகோ திட்டத்துக்கும் அதே நடுப்பகுதிதான் மையமாக ஆனது.

துறைகளுக்கு இடையே வேலை செய்ய அங்கே ஏற்பாடு இருந்ததா?

இருந்தது. சிகாகோவில் 'கமிட்டி' என்ற அமைப்பு ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தது. சமூகச் சிந்தனைக்கான கமிட்டியை 1941-இல் தொடங்கியவர்களில் ரெட்ஃபீல்டும் ஒருவர். வரலாற்றாளர் ஜான் நெஃப், பொருளியலாளர் ஃபிராங்க் நைட், பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹச்சின்ஸ் ஆகியோர் மற்றவர்கள். நம் ஊரில் குழு என்றால் கூட்டம் போட்டு அறிக்கை கொடுப்பது என்று ஆகிவிட்டது. அங்கே கமிட்டி மாணவர் சேர்க்கலாம், பாடம் நடத்தலாம், பட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். ஆசிரியர் தன் தாய்த்துறையில் இருந்துகொண்டே அதிலும் இருப்பார்.

இன்னொரு வசதி, தனிமனிதத் தொடர்பு. ஹச்சின்ஸ் 1951-இல் பல்கலைக்கழகத்தை விட்டு ஃபோர்டு அறக்கட்டளைக்குப் போனார். ரெட்ஃபீல்டின் மனத்தில் என்ன இருக்கிறது என்பது பணம் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

பெருமரபு, சிறுமரபு என்கிறார்களே, அது என்ன?

திட்டத்தின் மையக் கருத்து அதுதான். கோயில், மடம், பள்ளி ஆகியவற்றில் படித்தவர்கள் உணர்ந்து வளர்ப்பது பெருமரபு. எழுத்தறியாத ஊர் மக்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்டு போவது சிறுமரபு. இரண்டும் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. ஒன்றுக்குள் ஒன்று போய்வருகின்றன என்பதுதான் முக்கியம். பாடப்புத்தகங்களில் இந்தப் பின்பாதி காணாமல் போய்விடுகிறது.

போய்வருவது எப்படி என்று காட்டியவர் மானிடவியலாளர் மக்கிம் மேரியட். உத்தரப் பிரதேசத்தில் அலிகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வேலை செய்தவர். ஊருக்கு அவர் கட்டுரையில் இட்ட பெயர் கிஷன்கடி. அங்கே தீபாவளியை ஒட்டி கோவர்த்தன பூஜை நடக்கும். பாகவதத்தில் கண்ணன் ஆயர்களிடம் கோவர்த்தன மலையை வணங்கச் சொல்கிறான். கிஷன்கடியில் அந்த மலை சாணத்தால் வீட்டு முற்றத்தில் எழும். ஏட்டில் இருந்த மலை, மாடு வைத்திருக்கும் குடும்பத்தின் சொந்தச் செல்வமாக மாறிவிட்டது. இது மேலிருந்து கீழே வந்த பயணம்.

எதிர்த்திசையும் உண்டு. அதே ஊரில் ஆவணி வாக்கில் ஒரு பண்டிகை. பெண்கள் உடன்பிறந்தவர்களின் தலையிலும் காதிலும் பார்லி முளைகளை வைப்பார்கள். பதிலுக்குக் காசு வாங்குவார்கள். அதே நாளில் புரோகிதர்கள் தங்கள் எஜமானர்களுக்குக் காப்புக் கயிறு கட்டும் சடங்கும் நடக்கும். உடன்பிறந்தவர் உறவைக் கொண்டாடும் இப்படிப்பட்ட ஊர்வழக்கிலிருந்துதான் சாத்திரம் சொல்லும் கயிறு கட்டும் சடங்கு உருவாகியிருக்க வேண்டும் என்று மேரியட் கருதினார். கீழிருந்து மேலே போன பயணம் இது.

இந்தக் கட்டுரையை எழுத இரண்டு திறமை வேண்டும். முற்றத்துச் சாணக் குவியலை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பாகவதத்தில் அந்த இடம் எங்கே வருகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். துறைகள் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால், நான் தத்துவம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கச் சொல்கிறேன்.

சிங்கர் ஏன் சென்னைக்கு வந்தார்? வந்து என்ன செய்தார்?

முதலில் படித்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1948-இலேயே தெற்காசியத் துறை தொடங்கியிருந்த நார்மன் பிரவுனிடமும், பெர்க்லியில் டேவிட் மேண்டல்பாமிடமும் இந்தியாவைப் பற்றிக் கற்றுக்கொண்டார். அப்புறம் 1954-இல் புறப்பட்டார். ஒரு முழு நாகரிகத்தை எந்த இடத்தில் நின்று பார்ப்பது என்ற பெரிய கேள்வி அவரிடம் இருந்தது. அது ஒரு நகரமாகச் சுருங்கியது. நகரத்துக்குள்ளும் எதைப் பார்ப்பது?

விடையைச் சென்னைக்காரர்களே கொடுத்தார்கள். இந்து சமயத்தில் இது என்ன, அது என்ன என்று அவர் கேட்கும்போதெல்லாம், விளக்கம் சொல்வதோடு நிற்காமல், "வாருங்கள், காட்டுகிறோம்" என்று அழைத்துக்கொண்டு போனார்கள். உபநயனம், கல்யாணம், கோயில் திருவிழா, ஹரிகதை, புராணப் பிரசங்கம், பஜனை, பரதநாட்டியக் கச்சேரி என்று போய்க்கொண்டே இருந்தார். இவை ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. நிகழ்ச்சி நிரல் உண்டு. நடத்துபவர்கள், பார்ப்பவர்கள், இடம், சந்தர்ப்பம் எல்லாம் உண்டு. பண்பாட்டைக் கண்ணால் பார்க்கக்கூடிய அலகு இதுதான் என்று சிங்கர் முடிவுசெய்தார். 'பண்பாட்டு நிகழ்வு' என்ற அந்தக் கருத்து பிறகு நாட்டார் வழக்காற்றியலுக்கும் நிகழ்த்துகலை ஆய்வுக்கும் போய்ச் சேர்ந்தது.

பல்துறைக் கூட்டுக்கு இதன் பயன் என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு ஹரிகதையை எடுத்துக்கொள்வோம். கதை எந்தப் புராணத்திலிருந்து வந்தது என்று சமஸ்கிருத அறிஞர் சொல்வார். ராகம் மாறும் இடத்தை இசை தெரிந்தவர் குறித்துக்கொள்வார். பாகவதர் நடுவில் சொன்ன அன்றாடத் துணுக்குக்குச் சபை ஏன் சிரித்தது என்று மானிடவியலாளர் கேட்பார். சபா யாருடையது, டிக்கெட் என்ன விலை, பாகவதருக்கு எவ்வளவு சன்மானம் என்று பொருளியலாளர் விசாரிப்பார். நான்கு பேருக்கும் முன்னால் இருப்பது ஒரே மேடை. கோட்பாட்டில் உடன்பாடு இல்லாவிட்டாலும் அவர்களால் சேர்ந்து பேச முடியும். சிகாகோ முயற்சியில் நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்பு இது. எதைப் பார்க்கிறோம் என்பதில் ஒற்றுமை இருந்தால் போதும். எப்படி விளக்குவது என்பதில் சண்டை போடலாம்.

சிங்கர் 1960–61-இலும் 1964-இலும் மறுபடி சென்னை வந்தார். கடைசி முறை தொழிலதிபர்களைச் சந்தித்தார். இந்து சமயம் தொழில் வளர்ச்சிக்குத் தடை என்ற ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் கருத்தை நேரில் சோதித்துப் பார்க்க விரும்பினார். தடையாக இல்லை, மக்கள் வீட்டையும் ஆலையையும் வெவ்வேறு வட்டங்களாக வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று எழுதினார்.

உள்ளூர் அறிஞர்கள் இதில் தகவல் கொடுப்பவர்கள் மட்டும்தானா?

வெ. ராகவனைப் பொறுத்தவரை கண்டிப்பாக இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியர், திருவாரூர்க்காரர், மியூசிக் அகாடமியின் செயலாளர். நாடு முழுவதும் உள்ள சமஸ்கிருதச் சுவடிகளைப் பட்டியலிடும் பெருவேலையிலும் இருந்தவர். சிங்கர் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியவர் அவர். ஏட்டறிவும் மேடையறிவும் ஒரே ஆளிடம் இருந்தது சிங்கருக்குக் கிடைத்த பெரிய பேறு. தென்னிந்தியாவில் சமயக் கல்வி ஊர் மக்களுக்கு எந்த வழிகளில் போய்ச் சேர்ந்தது என்று ராகவன் எழுதிய கட்டுரை, சிங்கர் 1959-இல் பதிப்பித்த தொகுதியில் ராகவன் பெயரிலேயே இருக்கிறது.

மைசூரைச் சேர்ந்த மானிடவியலாளர் எம். என். சீனிவாஸும் அப்படியே. கூர்க் மக்களைப் பற்றி 1952-இல் அவர் வெளியிட்ட ஆய்வு சிகாகோ சிந்தனைக்கு முன்னோடி. அங்கே உள்ளவர்கள்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சீனா, இஸ்லாம் ஆகியவற்றில் என்ன நடந்தது?

நல்ல தொகுதிகள் வந்தன. சீனச் சிந்தனை பற்றி ஆர்தர் ரைட் பதிப்பித்தது 1953-இலும், இஸ்லாமியப் பண்பாட்டு வரலாறு பற்றி குஸ்தாவ் ஃபான் குருனெபாம் பதிப்பித்தது 1954-இலும் வெளிவந்தன. மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவு பற்றி ஹாரி ஹோயர் பதிப்பித்ததும் 1954-தான். ஆனால் இவற்றில் ஏட்டறிஞர்களின் குரலே ஓங்கி இருந்தது. 1949-க்குப் பிறகு அமெரிக்கர்களுக்குச் சீனக் கிராமங்களின் கதவு அடைத்துவிட்டது. இந்தியாவிலிருந்தோ அந்த ஆண்டுகளில் களப்பணி முடித்த இளம் மானிடவியலாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் திட்டம் இந்தியாவின் பக்கம் சாய்ந்தது என்று நினைக்கிறேன்.

கூட்டாளிகளுக்குள் கருத்து மோதல் வந்தால்?

வந்தது. ரெட்ஃபீல்டு தெபோஸ்த்லானைப் பற்றி 1930-இல் எழுதிய நூலில் ஊர் இணக்கமாக வாழ்ந்தது. ஆஸ்கர் லூயிஸ் அதே ஊருக்குப் போய் 1951-இல் வெளியிட்ட நூலில் வறுமை, நிலத்தகராறு, சந்தேகம். மானிடவியலில் இவ்வளவு வெளிப்படையான மறுப்பு அதற்கு முன் அரிது. ரெட்ஃபீல்டு கோபப்படவில்லை. இவர்கள் எதில் மகிழ்கிறார்கள் என்பது தன் மனத்தில் இருந்த கேள்வி, எதனால் துன்பப்படுகிறார்கள் என்பது லூயிஸின் கேள்வி என்று பதில் எழுதினார். இந்தியக் கிராமங்கள் பற்றி மேரியட் பதிப்பித்த 1955-ஆம் ஆண்டுத் தொகுதியில் லூயிஸின் கட்டுரையும் இருக்கிறது. டெல்லிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தை அவர் தெபோஸ்த்லானோடு ஒப்பிட்டிருக்கிறார். தன்னை மறுத்தவருக்கும் இடம் விட்ட திட்டம் இது. தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றைப் பற்றிய கேத்லீன் கஃப்பின் கட்டுரையும் அதே தொகுதியில்தான் உள்ளது. தமிழ்நாட்டு வாசகர்கள் அதையும் தவறவிடக் கூடாது.

அமெரிக்கப் பணம், பனிப்போர்க் காலம். அரசியல் இல்லாமல் இருந்திருக்குமா?

இருந்தது. ஆசியாவை அறிந்துகொள்வது அமெரிக்காவுக்கு அன்று அரசியல் தேவை. 1957-இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது. இந்திய மொழிகளைக் கற்பிக்கப் பணம் கொடுத்ததும் அதுதான். 1962-லிருந்து, பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்படி வந்த கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாயில் இந்தியப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் புத்தகங்களும் போயின.

பணம் வந்த வழியை மறைத்துப் பேசுவது தவறு. அதைச் சொல்லிவிட்டு ஆய்வையே தள்ளுவதும் சோம்பேறித்தனம். கிஷன்கடிக் கட்டுரையில் பனிப்போரைத் தேடினால் கிடைக்காது. எந்த நாட்டுக்குப் பணம் கிடைத்தது, எந்த மொழிக்கு ஆசிரியர் பதவி வந்தது என்பதில் தேடினால் கிடைக்கும்.

மாணவர்களுக்கு என்ன கிடைத்தது?

1956-இல் இஸ்லாம், இந்தியா, சீனா ஆகிய மூன்று நாகரிகங்களுக்கும் ஓராண்டுப் பாடங்கள் இளநிலை மாணவர்களுக்குத் தொடங்கப்பட்டன. என் பார்வையில் திட்டத்தின் நீடித்த பயன் இதுதான். கருத்தரங்கில் ஒருவர் தன் கட்டுரையைப் படித்துவிட்டு விமானம் ஏறிவிடலாம். ஒரே வகுப்பை ஓராண்டு சேர்ந்து நடத்தும்போது அப்படித் தப்பிக்க முடியாது. வரலாற்றாளர் சொன்னதை மானிடவியலாளர் அடுத்த வாரம் மாற்றிச் சொன்னால், மாணவர் கையைத் தூக்குவார்.

மார்ஷல் ஹாட்ஜ்சன் இதற்கு நல்ல சான்று. இஸ்லாமிய நாகரிகப் பாடத்துக்காக அவர் எழுதித் திருத்தி வந்த குறிப்புகளே மூன்று பெரிய தொகுதிகளாக வளர்ந்தன. 1968-இல் நாற்பத்தாறாம் வயதில் அவர் இறந்த பிறகு, 1974-இல் அவை அச்சாகின.

இந்தப் படத்தில் தமிழ் எங்கே?

முக்கியமான கேள்வி, திட்டத்தின் பெரிய குறையும் இங்கேதான். பெருமரபு என்றால் சமஸ்கிருதம் என்று ஏறத்தாழ முடிவுகட்டிவிட்டுத்தான் அவர்கள் தொடங்கினார்கள். சங்க இலக்கியமும் தேவாரமும் பிரபந்தமும் தனக்கென்று இலக்கணமும் உரைமரபும் கொண்ட இன்னொரு பெருமரபு என்பது அந்தச் சட்டகத்துக்குள் வரவில்லை.

சிங்கர் சென்னையில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகிக் காமராசர் முதல்வராகியிருந்தார். குலக்கல்வி எதிர்ப்பின் சூடு ஆறவில்லை. தி.மு.க. தொடங்கி ஐந்தாண்டு. நகரத்தின் ஒவ்வொரு மேடையிலும் மரபு என்றால் யாருடைய மரபு என்ற வாதம் நடந்துகொண்டிருந்தது. அவை எல்லாமே பண்பாட்டு நிகழ்வுகள்தான். ஆனால் சிங்கரை அழைத்துக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் பிராமணர்கள். அதனால் அவர் பார்த்த மேடைகளும் அவர்களுடையவை. யாரிடம் கேட்டோமோ அவர்களுடைய பதில்தான் கிடைக்கும். பல துறை ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்தாலும் இந்தக் குறை தானாகச் சரியாகிவிடாது.

திருத்தம் சிகாகோவுக்குள்ளிருந்தே வந்தது. 1960களின் தொடக்கத்தில் தமிழும் திராவிட மொழியியலும் கற்பிக்க ஏ. கே. ராமானுஜன் அங்கே சேர்ந்தார். பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குப் போனவருக்கு, உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை கையில் கிடைத்தது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் சங்கப் பாடல்களைச் சிகாகோவில் படிக்கத் தொடங்கினார். பின்னாளில் வசனங்கள் எனப்படும் கன்னடச் சிவபக்திப் பாடல்களையும் வாய்மொழிக் கதைகளையும் கொண்டு, இரண்டே அடுக்கு என்ற பார்வை போதாது என்று காட்டினார். மரபுகள் பல, அவை ஒன்றையொன்று பார்த்துப் பதில் சொல்லிக்கொள்கின்றன என்பது அவர் வாதம். மொழி ஆசிரியருக்கு நிரந்தர வேலை கொடுத்ததால் கோட்பாடு திருந்தியது. நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேறு பல்கலைக்கழகங்களில் இப்படி நடக்கவில்லையா?

ஹார்வர்டில் நடந்தது. 1946-இல் சமூகவியல், மானிடவியல், உளவியல் பகுதிகளைச் சேர்த்து ஒரே துறையாக்கினார்கள். 1949-லிருந்து நியூ மெக்சிகோவில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த நவஹோ, சூனி ஆகிய பழங்குடிகள், மார்மன் சமயத்தார், டெக்சஸிலிருந்து குடியேறியவர்கள், ஸ்பானிய அமெரிக்கர்கள் என ஐந்து சமூகங்களை ஒப்பிட்டார்கள். ஒரே வறண்ட நிலத்தில் ஐந்து வாழ்முறை என்பதால், ஒப்பிட மிகப் பொருத்தமான இடம். துறை 1970களின் தொடக்கத்தில் கலைந்தது. துறைகளையே ஒன்றாக்குவதைவிட, தாய்த்துறையை விடாமல் கமிட்டியில் சேர்வது நீடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் எங்கள் பல்கலைக்கழகத்தில் தொடங்க நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பெரிய தலைப்பிலிருந்து வேண்டாம். சேர்ந்து பார்க்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு தெருக்கூத்து இரவு, ஒரு தர்கா கந்தூரி, ஒரு தேர்த் திருவிழா. எல்லாரும் சேர்ந்து போங்கள், தனித்தனியே எழுதுங்கள், பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் படியுங்கள். இதற்கு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்ததாக ஒரு பாடத்தைச் சேர்ந்து நடத்துங்கள். இருவர் நடத்தினால் இருவருக்கும் முழு வேலைப்பளுவாகக் கணக்கிடும்படி நிர்வாகத்திடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதவி உயர்வில் கூட்டுக் கட்டுரைக்குப் பாதி மதிப்பெண் என்று சொன்னால் இளம் ஆசிரியர்கள் எவரும் வரமாட்டார்கள். வரவில்லை என்று அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஒப்பிட எடுத்துக்கொள்ளும் பண்பாட்டின் மொழி தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி ஒப்பிடக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மூல ஆவணங்களைப் பார்க்க முடியுமா?

ரெட்ஃபீல்டு, சிங்கர் இருவருடைய காகிதங்களும் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகளில் இருக்கின்றன. தமிழ் தெரிந்த ஆய்வாளர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது. சிங்கர் பார்த்த நிகழ்வுகளை அந்த ஆண்டுகளின் தமிழ் நாளிதழ்களோடும் சபா மலர்களோடும் வைத்துப் படித்தால், அதே வாரங்களில் அவர் போகாத மேடைகள் எவை என்று பட்டியலிட முடியும்.